தெரியலை

சேரம்பாடியில் ஆடி மழை.
மூன்றாம் வகுப்பறையில் கண் முகாம்.
இருபதடி அளந்து சாக்பீஸ் கோடு;
அந்தப் பக்கம் அட்டை, இந்தப் பக்கம் கண்கள்.
குச்சியால் தொட்டுக் கேட்பது என் வேலை.
இது என்ன? இது? இது?

தொண்ணூற்றெட்டில் நான் வேலைக்குப் புதிது.
செபமாலை கோட்டில் வந்து நின்றார்.
அரசுத் தோட்டத்தில் மருந்தடிப்பவர், வயது முப்பத்தாறு,
கணுக்காலில் வேறு அட்டை கடித்த ரத்தம்.
மேல் வரியில் ஒற்றை எழுத்து,
பூசணிக்காய் அளவு 'ப'.
"தெரியலைங்க."
அடுத்த வரி.
"தெரியலைங்க."
வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டேன்.
இப்போது?
"தெரியலைங்க" என்றார்,
எனக்காக வருத்தப்பட்டவர் போல.
பார்வை மிகக் குறைவு, இரு கண்ணும்
என்று பதிவேட்டில் எழுதினேன்.
கனத்த கண்ணாடி ஒன்று
இலவசமாய்ப் போய்ச் சேர்ந்தது.

மறு வருடம் அதே மழையில் அவரே வந்தார்,
ரொட்டிக் கவருக்குள் கண்ணாடி இரண்டு துண்டாய்.
"போட்டா தலை சுத்துது, மேடு பள்ளம் தெரியல,
அதனால போடறதில்ல.
ஆனா பையில ஒண்ணு இருக்கணுங்க."
எதற்கு என்றேன்.
பதிலுக்கு ஜன்னலைக் காட்டினார்.
"அந்தா, மூணாவது வரிசையில கொசு விழுந்திருக்கு,
கொழுந்து கருகுது பாருங்க."
நான் பார்த்தேன். மழை மட்டும் இருந்தது.

பிறகுதான் சொன்னார், குரலை இறக்கி.
பிறந்தது பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டம்.
அங்கே ஒரே வாத்தியார்,
அவரையும் பாதி நாள் கொழுந்து நிறுக்க அனுப்பிவிடுவார்கள்.
பன்னிரண்டு வயதில் தலைமன்னார், கப்பல், மண்டபம்.
இந்த மலைக்கு வந்தபோது
ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் நுழையவில்லை.
"ரெண்டு நாட்டுலயும் எம்பேர எழுதிக்கிட்டாங்க.
சரியா எழுதினாங்களான்னு
நான் எப்படிங்க பாக்கறது?"

பேங்கில் பாரம் நீட்டினால்,
மருந்து டப்பாவைத் திருப்பி
'இதப் படி' என்று ஆபீசர் சொன்னால்,
கண்ணாடிய மறந்துட்டேன் என்பாராம்.
"இல்லாத கண்ணாடிய எத்தன வருசம் மறக்கறது?
நீங்க குடுத்தப்புறம்தான்
மறக்கறதுக்குன்னு ஒண்ணு இருந்துச்சு."

பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தேன்.
மூன்று பல் சீப்பு, நாலு திசையும் திரும்பித் திரும்பி.
எழுத்தறியாதவர்க்கு என்று எவரோ செய்தது,
கடல் தாண்டியும் முகாம்களுக்கு இதுதான் போகிறது.
அதுவும் எழுத்துதான், வெள்ளைக்காரன் எழுத்து.
படுக்கப் போட்டால் யாருக்கும் எழுத்தில்லை.

பல் எந்தப் பக்கம்?
"மேட்டுப் பக்கம்.
பள்ளத்துப் பக்கம்.
ஃபேக்டரிப் பக்கம்.
மறுபடி மேடு."
கடைசி வரி முடிந்தது.
"இதுக்குக் கீழ எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி இருக்கே,
அதையும் சொல்லணுமா?"
அச்சகத்தின் பெயர் அது.
அருகே போனால்தான் எனக்கு அது வரி.

தெரியலை என்றால் என்ன என்று
பிறந்த நாள் முதல் இந்த பாஷை பேசுகிற நான்
அவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.
பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்று
எழுதிக் கொடுத்தேன்.
பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை;
மற்றவை என்பதில் ஒரு கோடு போட்டேன்.

இன்று கோட்டில் நிற்பவள் பூல்மனி.
ஜார்கண்டிலிருந்து வந்து எட்டு மாதம்.
கொழுந்து, கிலோ, அதற்கடுத்து
அவள் கற்ற தமிழ் "தெரியலை".
நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு
சீப்பு அட்டையை மாட்டுகிறேன்.
பறித்துப் பறித்துக் கறுத்த மூன்று விரலை நீட்டி
பள்ளம் என்கிறாள், மேடு என்கிறாள், வாயே திறக்காமல்.
எல்லாம் சரி.

இனி அவள் பேரை எழுத வேண்டும்.
முர்முவா, முருமுவா?
பேனாவோடு அவளைப் பார்க்கிறேன்.
அவள் என் கையைப் பார்க்கிறாள்.